நிப்பிளைத் திறக்காமல் பிஸ்டனைத் தள்ளும் மேதைகளின் கவனத்திற்கு

பழைய எண்ணூறு:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "முன்சக்கர பிரேக் பேட் மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆயில் டப்பாவின் மூடியைத் திற, சி-கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளு, புதுப் பேடை மாட்டு, தீர்ந்தது" என்று அருள்வாக்கு. எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஸ்பேனரோடு உலவுகிறவர் என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பிரேக் ஆயிலை வெளியே விடுவதற்கென்று இருக்கும் சிறு திருகு, அந்த நிப்பிள் எங்கே ஐயா போயிற்று? பிஸ்டனை வைத்துப் பேடைச் சக்கரத் தட்டில் அழுத்துகிற காலிப்பருக்குள் கிடக்கிற ஆயில்தான் சக்கரத்தின் சூட்டை நேராக வாங்குவது, கறுத்துப் போவது. பிஸ்டனை அழுத்தினால் அந்தச் சாக்கடை முழுவதும் வந்த வழியே ஏறி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் வால்வுகளுக்குள் போய் உட்காரும். ஏபிஎஸ் யூனிட் என்ன விலை என்று கடையில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தி, மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப் குழாயை மாட்டி, மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டு பிஸ்டனைத் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அதற்கு உடம்பு வணங்கவில்லை என்றால் பட்டறைக்குப் போகலாம்.

கொங்கு ஸ்பேனர்:
பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொல்கிற பண்பாட்டுக்கு நன்றி. எழுதியது நான்தான். 19 வருடமாக என் வீட்டுப் போர்டிகோவில் மூன்று கார்களுக்கு நானே பேட் மாற்றுகிறேன். ஒருமுறைகூட நிப்பிளைத் தொட்டதில்லை. ஒரு ஏபிஎஸ்ஸும் சாகவில்லை.

தம்பிக்கு அடிப்படையே பிடிபடவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் அதே வழியாகத்தான் திரும்புகிறது. ஏபிஎஸ் வேலை செய்யாத நேரத்தில் அந்த வால்வு திறந்தே கிடக்கிறது. நிப்பிளைத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். மூடுவதற்குள் பிஸ்டன் கொஞ்சம் பின்வாங்கினாலும் காற்று புகுந்துவிடும். ஆறு மழைக்காலம் கண்ட நிப்பிளாக இருந்தால், ஸ்பேனரைப் போட்டதும் தலை மட்டும் தனியாகக் கையோடு வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை, சக்கரம் கழற்றிய வண்டி, உடைந்த நிப்பிள். அப்போது டிரிப் குழாய் வண்டிக்கு வேண்டாம், உங்களுக்கே வேண்டியிருக்கும்.

பழைய எண்ணூறு:
யாருக்கு யார் தம்பி? 1991இல் நான் மாருதி 800 ஓட்டியவன். உங்களுக்கு என்ன வயது?

கொங்கு ஸ்பேனர்:
41. எண்ணூறில் ஏபிஎஸ்ஸே கிடையாது. இல்லாத பொருளைக் காப்பாற்ற 1991லிருந்து நிப்பிளைத் திறந்துகொண்டிருக்கிறீர்களா, அண்ணா?

பழைய எண்ணூறு:
இப்போது ஓட்டுவது 2019 ஸ்விஃப்ட், ஏபிஎஸ் உண்டு. பெயரைப் பார்த்து வண்டியை முடிவு செய்கிறவர், பெட்டியைப் பார்த்துப் பேடை வாங்குவதில் வியப்பில்லை. நிப்பிளைத் திறக்க வேண்டும்.

புது லைசென்ஸ்:
வணக்கம். என்னுடையது 2016ஆம் வருடச் சிறிய கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக் மிதித்தால் முன்பக்கம் கிரீச் என்று கத்துகிறது. கடையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். முதலாவது 'ஒரிஜினல்' என்றார். அடுத்தது 'கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறவர்களின் ஒரிஜினல்' என்றார். மூன்றாவது 'ஒரிஜினல் மாதிரியே' என்றார். எதைத்தான் ஒரிஜினல் என்கிறார்கள்? எதை வாங்கலாம்?

கொதிநிலை:
அதற்குப் போவதற்கு முன் ஒரு திருத்தம். எல்லாரும் "ஆயில், ஆயில்" என்கிறீர்கள். பிரேக் திரவம் எண்ணெய் அல்ல. அதன் தர வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிகோன், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஆயில் என்று சொல்லிச் சொல்லித்தான் என் மாமாவின் ஓட்டுநர் பவர் ஸ்டீயரிங் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றிவிட்டார். சில நாள் கழித்துத் திறந்தால், மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊறிய அப்பளம் போல உப்பி, திரும்ப மூடிக்குள் போக மறுத்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை ரப்பர் அத்தனையும் மாற்றினோம்.

கொங்கு ஸ்பேனர்:
கடையில் போய் "கிளைகால் வகைத் திரவம் அரை லிட்டர்" என்று கேளுங்கள், மருத்துவமனைக்கு வழி காட்டுவார்கள். பிரேக் ஆயில் பிரேக் ஆயில்தான்.

கொதிநிலை:
ஆயில் என்று கூப்பிட்டால் அது நீர் உறிஞ்சாமல் இருந்துவிடுமா? டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், அது கொதித்து ஆவியாகிப் பெடல் தொய்ந்துபோகும், திரவத்துக்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் பாதத்தில் தெரியும்.

பழைய எண்ணூறு:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பழையது வெளியே போக வேண்டும். நிப்பிளைத் திற.

கொதிநிலை:
நான் உங்கள் கட்சியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட்டால் உள்ளே இருப்பது சுத்தமாகத்தான் இருக்கும், இந்தச் சண்டையே எழாது.

கொங்கு ஸ்பேனர்:
நிப்பிளைத் திறக்க வேண்டியதில்லை என்று கொதிநிலையும் ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி.

கொதிநிலை:
நான் அப்படிச் சொல்லவில்லை. முழுவதும் மாற்றுவதே நிப்பிள் வழியாகத்தான்.

கொங்கு ஸ்பேனர்:
அது வேறு வேலை, இது வேறு வேலை. பேட் மாற்றும்போது வேண்டாம், அவ்வளவுதான். பேட் தேய்வது ஏழு மில்லிமீட்டர். அதைத் தள்ளினால் எவ்வளவு திரும்பும்? ஒரு தேக்கரண்டி. ஏபிஎஸ் யூனிட்டுக்குப் பாதி வழிகூட எட்டாது.

நான்காம் கியர்:
கணக்குப் போட்டுவிடலாம். பிஸ்டனின் விட்டம் 51 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 20.4 சதுர செ.மீ. சிறிய கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான், காலிப்பர் நகர்ந்து மறுபக்கப் பேடையும் அழுத்துகிறது. உள்பேடில் 7, வெளிபேடில் 7 தேய்ந்தால் பிஸ்டன் 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். அதாவது 28 மில்லிக்குச் சற்று மேல். இரும்புக் குழாயின் உள்விட்டம் 3.3 மி.மீ. என்றால் மீட்டருக்கு எட்டரை மில்லி. சக்கரத்திலிருந்து ஏபிஎஸ் யூனிட் வரை ஒன்றரை மீட்டர் வைத்தாலும் 13 மில்லி. மீதி 15 மில்லி எங்கே போயிற்று என்று கொங்கு ஸ்பேனர் சொல்லட்டும்.

கொங்கு ஸ்பேனர்:
"வைத்துக்கொள்வோம்" என்று தொடங்குகிற கணக்கில் என் தாத்தா ஜமீன்தார். வெளிபேட் தேய்ந்தால் பிஸ்டனுக்கு என்ன வந்தது? அது பிஸ்டன் பக்கமே இல்லையே.

நான்காம் கியர்:
காலிப்பர் நகர்கிறது என்று இப்போதுதானே எழுதினேன். ஸ்லைடு பின் எதற்காக இருக்கிறது? உங்கள் வண்டியில் பின் இறுகிப்போய் உள்பேட் மட்டும் தேய்கிறது போலும். 19 வருடத்தில் அந்தப் பின்னுக்கு ஒருமுறையாவது கிரீஸ் வைத்தீர்களா?

கொங்கு ஸ்பேனர்:
ஒவ்வொரு முறையும் வைக்கிறேன். சக்கர பேரிங்குக்கு வைக்கிற அதே நல்ல கிரீஸ்.

கொதிநிலை:
கடவுளே. அந்தக் கிரீஸ் பெட்ரோலியம். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை அதில் உப்பும், பின் இறுகும். அங்கே சிலிகோன் கிரீஸ்தான் வைக்க வேண்டும்.

கொங்கு ஸ்பேனர்:
அப்பளம், ரப்பர், உப்பல். உங்களுக்கு வேறு கதையே இல்லையா? 19 வருடம். மூன்று வண்டி. நிப்பிள் திறக்கப்படவில்லை.

ஜிபி ரோடு வாசி:
புது லைசென்ஸ் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா? தம்பி, கார் கம்பெனி பேடைத் தானே செய்வதில்லை, வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962லிருந்து இருக்கிறது, அம்பத்தூரில் ரானே இருக்கிறது. இப்படிச் செய்து கொடுக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். பெட்டியைவிடப் பேடைப் பாருங்கள். ஓரத்தில் எஃப்எஃப் என்பது போல இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருந்தால், முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. முதலாவது எஃப், இரண்டாவது ஈ என்றால் சூட்டில் பிடிப்பு குறைகிறது என்று பொருள். பின்தகட்டில் தயாரிப்பு எண் குத்தியிருக்கிறதா, மாட்டும் காது பழைய பேடின் காதோடு ஒத்துவருகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னைக்கு வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கலாம்.

கொங்கு ஸ்பேனர்:
பேட் வாங்க 500 கிலோமீட்டர் வரவேண்டுமா? கோயம்புத்தூரில் கிடைக்காத உதிரிபாகம் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஜிபி ரோடு வாசி:
பணிவு.

கொங்கு ஸ்பேனர்:
அது சென்னையில் விற்கும் விலைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் பம்பும் மோட்டாரும் செய்து நாடு முழுக்க அனுப்புகிறவர்கள்.

பழைய எண்ணூறு:
பம்பு செய்தால் பிரேக் தெரியும் என்று எங்கே எழுதியிருக்கிறது? சென்ற வருடம் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சாதித்ததும் இதே ஆள்தான். அப்போதே விட்டிருக்கக் கூடாது.

கொங்கு ஸ்பேனர்:
விட்டீர்களா? பதில் சொல்ல முடியாமல் பாதியில் காணாமல் போனீர்கள். சிறுவாணித் தண்ணீர் ஊற்றிய வண்டி இன்றும் ஓடுகிறது.

பழைய எண்ணூறு:
காணாமல் போகவில்லை. என் மகளின் திருமணம். அந்த வாரம் முழுவதும் மண்டபத்தில் இருந்தேன்.

கொங்கு ஸ்பேனர்:
வாழ்த்துகள். இருந்தாலும் நிப்பிளைத் திறக்கத் தேவையில்லை.

மட்டுறுத்துநர்:
தலைப்புக்குள் பேசவும். ஊர்ப்பெருமை, தண்ணீர்ப்பெருமை இரண்டும் வேண்டாம். வீட்டில் செய்கிறவர்கள் வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்கவும்.

கொங்கு ஸ்பேனர்:
நான் தலைப்புக்குள்தான் பேசுகிறேன். தலைப்பே நிப்பிள்தான்.

பழைய எண்ணூறு:
ஒரே கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அந்த 15 மில்லி எங்கே போனது?

கொங்கு ஸ்பேனர்:
என் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பேட் மாற்றும் பக்கத்தில் நிப்பிள் என்ற சொல்லே இல்லை. வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

நான்காம் கியர்:
அதே புத்தகத்தில் பின்னுக்கு எந்தக் கிரீஸ் என்று எழுதியிருக்குமே, அதைப் படித்தீர்களா?

கொங்கு ஸ்பேனர்:
கிரீஸுக்குத் தாவாதீர்கள். கணக்கில் தோற்றால் கிரீஸ், கிரீஸில் தோற்றால் கொல்லிமலை. நான் ஆரம்பத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறேன்.

கொதிநிலை:
பின் இறுகினால் அப்படித்தான் ஒரே இடத்தில் நிற்கும்.

ஜிபி ரோடு வாசி:
புதுப் பேட் மாட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவர வேண்டும் என்று யாராவது அந்தப் பையனுக்குச் சொன்னீர்களா? என் பக்கத்து வீட்டுக்காரர் மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். முதல் மிதியில் பெடல் அடிவரை போயிற்று. சுற்றுச்சுவரில் கார் அளவுக்கு ஒரு ஓட்டை. இப்போது அங்கே கேட் போட்டிருக்கிறார்.

கொங்கு ஸ்பேனர்:
பக்கத்து வீட்டுக்காரர் நிப்பிளைத் திறந்திருப்பார், காற்று புகுந்திருக்கும்.

ஜிபி ரோடு வாசி:
திறக்கவில்லை என்று நான் பார்த்தேன்.

கொங்கு ஸ்பேனர்:
முழு நேரமும் பக்கத்தில் நின்றீர்களா?

பழைய எண்ணூறு:
இந்த மனிதரோடு பேசுவதற்கு அந்தச் சுவரோடு பேசலாம். அதிலாவது ஓட்டை விழுந்திருக்கிறது.

புது லைசென்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்ததில் கை நடுங்கிவிட்டது, அதனால் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துவிட்டேன். இரண்டாவது பெட்டியைத்தான் வாங்கினேன். மெக்கானிக் நிப்பிளைத் திறக்கவில்லை. டப்பாவின் மூடியையும் திறக்கவில்லை. பெரிய ஸ்குரூடிரைவரால் நெம்பினார், பிஸ்டன் உள்ளே போய்விட்டது. இருபது நிமிடம்.

பழைய எண்ணூறு:
மூடியைக்கூடத் திறக்காமலா? ஆயில் வழிந்து பெயின்ட் மேல் விழுந்ததா, பாருங்கள். அது பெயின்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கொதிநிலை:
திரவம்.

கொங்கு ஸ்பேனர்:
எதுவும் வழிந்திருக்காது. பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும், தள்ளியதும் பழைய இடத்துக்கு வந்திருக்கும். பார்த்தீர்களா, நிப்பிள் இல்லாமலே வேலை முடிந்தது. 19 வருடமாக இதைத்தான் சொல்கிறேன். வண்டி ஓடுகிறதா இல்லையா, தம்பி?

பழைய எண்ணூறு:
ஓடுவது இருக்கட்டும். நிற்கிறதா என்று கேளுங்கள்.

புது லைசென்ஸ்:
நன்றாக நிற்கிறது. ஆனால் கிரீச் சத்தம் இன்னும் போகவில்லை. ஏன்?

கொங்கு ஸ்பேனர்:
சத்தத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே நிப்பிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.