ஒரே இணைப்பிலிருந்து ஐந்து கேபினெட் ஃபேன்களை இயக்கலாமா?

காசிமேட்டு வாசகர் கேட்கிறார்:
அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடி அறையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். வெயில் காலத்தில் கணினி சூடேறி நின்றுவிடுவதால், கேபினெட்டில் ஐந்து 120 மி.மீ. ஃபேன்களைப் பொருத்தினேன். அவற்றில் மூன்று நான்கு பின் கொண்டவை. இரண்டு பழைய மூன்று பின் ஃபேன்கள். மதர்போர்டில் ப்ராசஸர் ஃபேனுக்கு உரியது போக இரண்டு இணைப்புகளே உள்ளன. ஓர் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஐந்தையும் ஒரே இணைப்பில் கொடுத்தபோது, சில நேரம் ஃபேன்கள் துடித்துத் துடித்து நின்றுவிடுகின்றன. போர்டு பழுதாகிவிடுமோ என்று அஞ்சி எல்லாவற்றையும் கழற்றி வைத்திருக்கிறேன். ஃபேன்களுக்குத் தனியாக மின்சாரம் எடுக்கலாமென்றால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் சாட்டா வகை மின்முனை எதுவும் மீதமில்லை. பழைய, நான்கு பின் கொண்ட மோலெக்ஸ் வகை மின்முனை ஒன்று மட்டும் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து சாட்டாவாக மாற்றும் ஒயரை வாங்கலாமா?

பெரம்பூர் பழுதுநீக்குநர்:
கழற்றி வைத்தது மிகவும் நல்லது, தம்பி. ஃபேனின் நடுவில் ஒட்டியுள்ள வட்டச் சீட்டைப் பாருங்கள். 12 வோல்ட் என்பதற்கு அருகில் ஆம்பியர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அது 0.25 ஆம்பியர் என்றால், ஸ்ப்ளிட்டரில் எல்லா ஃபேன்களுக்கும் அதே 12 வோல்ட் கிடைத்தாலும் ஆம்பியர் கூடிக்கொண்டே போவதால், ஐந்துக்கும் சேர்த்து 1.25 ஆம்பியர் ஆகிவிடும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். தவிர, நின்றிருக்கும் ஃபேன் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இழுக்கும். எத்தனை முனைகளைக் கோக்க முடிகிறது என்பதைக் கணக்காக வைக்காமல், எவ்வளவு ஆம்பியர் போகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

நான்கு பின் ஃபேன்கள் மூன்றையும் ஒரு பவர் ஹப்பில் கொடுங்கள். ஹப் தனக்கான 12 வோல்ட்டை நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் வேகக் கட்டளையைக் கொண்டுவந்து, ஒரே ஒரு ஃபேனின் சுழற்சி எண்ணிக்கையைத் திருப்பித் தரும். ஹப்பில் அதற்கென்று குறியிட்டிருக்கும் துளையைக் காலியாக விட்டால், ஃபேன் ஓடவில்லை என்று பயாஸ் (போர்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) எச்சரிக்கக்கூடும்.

மூன்று பின் ஃபேன்களை அதில் செருகாதீர்கள். நான்காவது பின் வழியாக வேகக் கட்டளை தரும் சாதாரண பிடபிள்யூஎம் ஹப்பில் அவை எப்போதும் முழு வேகத்தில்தான் இரையும். அவற்றை ஒரு ஸ்ப்ளிட்டரில் சேர்த்துப் போர்டின் இன்னோர் இணைப்பில் கொடுத்து, பயாஸில், வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் அரை ஆம்பியர்தான் ஆகும்.

திருவொற்றியூர் மின்பணியாளர்:
அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. மாற்று ஒயர் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை கொண்டவற்றைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே ஒயர்கள் இடம் பெயர்ந்து ஒன்றையொன்று தொட்டு, உருகித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. மோலெக்ஸ் முனையிலேயே நேராகச் செருகும் ஹப்புகளும் கிடைக்கின்றன. ரிச்சி தெருவுக்குப் போகும்போது அதையே கேட்டு வாங்குங்கள், மாற்று ஒயரே தேவைப்படாது.

செருகும் முன் அந்தப் பழைய முனையின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் கரையோர உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். அந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறும். பச்சை தெரிந்தால் அந்த முனையை விட்டுவிடுங்கள்.

காசிமேட்டு வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் ஒயர் சேரும் பின்னில் லேசாகப் பச்சை தெரிகிறது. அதே ஒயரில் சற்று மேலே உள்ள மற்றொரு மோலெக்ஸ் முனை, மூடி போட்டிருந்ததால் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

திருவொற்றியூர் மின்பணியாளர்:
தாராளமாக. கணினியை அணைத்து, சுவரிலுள்ள பிளக்கையும் பிடுங்கிய பிறகே செருகுங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு, முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது.