வீட்டுக் குழு, கல்லடி: ஒட்டாத 1கள்

நிரோ: மாமா, 3×3 கட்டத்துல 0, 1 நிரப்பணும். ரெண்டு 1 பக்கத்துல பக்கத்துலயோ மேல கீழயோ வரக்கூடா. மொத்தம் 512ல இருந்து கூடாததக் கழிச்சா வருமா?

சின்னமாமா: ஒட்டுற சோடி 12. ஒவ்வொண்டுக்கும் மிச்சப் பெட்டி 7, 128 விதம். 12×128 = 1536. 512ல அதக் கழிக்க ஏலுமா மகன்? ஒரு கட்டத்துல மூணு சோடி இருந்தா மூணு தரம் எண்ணுப்படும். கூட்டிக் கழிச்சுத் திருத்தப் போனா 4096 உறுப்பு. அதுக்கு 512ஐயும் எழுதிப் பாக்கிறது லேசு 😄

சுதா அக்கா: வரி வரியாப் போடா. ஆகுமான வரி அஞ்சுதான். கீழ வரக்கூடியது:
000 → 5
001 → 3
100 → 3
010 → 4
101 → 2
கூட்டு 17. அது ரெண்டு வரிக் கட்டத்துக்கு விடை.

சின்னமாமா: மறுகா நடு வரியப் பிடி. நடுவுல 010 எண்டா மேல 4, கீழ 4. மேலயும் கீழயும் ஒண்டையொண்டு தொடாது, அதால 16. இப்பிடியே 25+9+9+16+4 = 63.

நிரோ: 4×4ல நடு வரி ரெண்டாச்சே?

சின்னமாமா: ஓம், வர்க்கம் அங்க உதவாது. வரி 8 வகை. "இந்த வரியில முடியிறது எத்தனை" எண்டு 8 எண் வச்சுக்க. அடுத்த வரிக்கு, அதோட முட்டாத மேல்வரிகளிட எண்களக் கூட்டு. மொத்தம் 8, 41, 227, 1234 எண்டு ஏறும். கடைசி வரி தெரிஞ்சாப் போதும், அதுக்கு மேல உள்ளத மறந்துடலாம்.

சுதா அக்கா: கோட் எழுதினா புது எண்களுக்கு வேற அரே (எண்கள வரிசையா வைக்கிற இடம்) போடு. பழசுக்குள்ளயே எழுதினா பாதி புதுசு பாதி பழசாக் கலந்துடும்.

சின்னமாமா: வரியில உள்ள ஒவ்வொரு 0, 1உம் ஒரு பிட், வரி முழுக்க ஒரு எண். ரெண்டு வரியிலயும் ஒரே இடத்துல 1 வருதா எண்டு & குறி பாக்கும், வராட்டி 0. ஆனா சி மொழியில மேல் & கீழ் == 0 எண்டு எழுதாத. == தான் முதல்ல நடக்கும். கீழ் 0, மேல் ஒற்றை எண் எண்டா மட்டும் சரி எண்டு சொல்லும். (மேல் & கீழ்) == 0, அடைப்பு கட்டாயம். பைத்தனில இந்தக் கரைச்சல் இல்ல.

சுதா அக்கா: 7×7க்கு 1280128950, 32 பிட்டுக்குள்ள அடங்கும். 8×8 660647962955, அடங்காது. லோங் லோங் (64 பிட் எண் வகை) போடு.

நிரோ: நேரா ஒரு சூத்திரம் இல்லையா?

சின்னமாமா: இல்ல. கட்டம் பெருக்கப் பெருக்க பெட்டிக்கு ஏறக்குறைய 1.503 மடங்கு வளரும், அந்த எண்ணுக்கே சூத்திரம் கிடைக்கல்ல. ஆறு அயல் உள்ள முக்கோண வலைக்கு இயற்பியலாளர் பக்ஸ்டர் 1980ல தீர்த்துட்டார். சதுரம்தான் மசியல்ல.

நிரோ: மூலையும் தொடக்கூடா எண்டா?

சுதா அக்கா: மேல் வரிய இடமும் வலமும் ஒரு பிட் தள்ளி அதே சோதனை. 3×3க்கு 25+4+4+1+1 = 35.

நிரோ: 010க்குக் கீழ 000 மட்டுமா?

சுதா அக்கா: ஓம். 101க்கும் அதான்.