டெக்சஸிலிருந்து பென்சில்வேனியாவுக்கு: வீட்டுக்கல்விச் சட்டம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: டெக்சஸில் எங்கள் எட்டு வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே பாடம் கற்பித்து வருகிறோம். ஆகஸ்டில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்கிறோம். அங்கும் இதைத் தொடர யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பதில் 1: அம்மா, அமெரிக்காவில் இதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. 1994-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளியாகவே கருதியதால், அங்கே நீங்கள் அறிக்கை எதுவும் அளிக்க வேண்டியிருக்கவில்லை. பென்சில்வேனியாவில் நிலைமை வேறு. பாடம் தொடங்கும் முன்பே, கல்வி நோக்கங்களையும் தடுப்பூசிச் சான்றையும் இணைத்து, உங்கள் பகுதிப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். இது அனுமதி கோரும் மனு அன்று, அறிவிப்பே, ஆயினும் தாமதிக்காதீர்கள். ஆண்டுக்கு 180 நாட்கள், அல்லது தொடக்கநிலையில் 900 மணி நேரம் பாடம் நடந்திருக்க வேண்டும்.

பதில் 2: மேலே சொன்னதோடு ஒன்று. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு உண்டு. உங்கள் மகளுக்கு அது விரைவிலேயே வரலாம். ஆண்டிறுதியில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர், குழந்தையின் பாடவேலைகளைத் தொகுத்த கோப்பினைப் பார்த்து, குழந்தையிடமும் பேசி, தரும் சான்று ஜூன் 30-க்குள் கண்காணிப்பாளரைச் சேர வேண்டும். எங்கள் கோப்பில் படித்த புத்தகங்களின் பட்டியல், தேதியிட்ட கணக்குத் தாள்கள், அவரை விதை முளைத்ததை மகன் நாள்தோறும் வரைந்த படங்கள் இருந்தன. மதிப்பீட்டாளர் நெடுநேரம் பார்த்தது அந்தப் படங்களைத்தான்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. உறுதிமொழிப் பத்திரத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறேன்.