மறு: வண்டிப் பராமரிப்புக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள்: சக்கரத்துக்கு மேலே தகர மடிப்பில் சேறு தங்கும் இடம், என்ன சொல் வைக்கலாம்?

> ‘அழுக்குப்பொறி’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பொறி என்றால் எலிப்பொறியும் வரும், எந்திரமும் வரும், தீப்பொறியும் வரும். கையேட்டைப் படிக்கிறவர், அழுக்கைப் பிடிப்பதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்த வடிகட்டி மாதிரி ஏதோ பாகம் என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு யோசனையான ‘மண்தேக்கி’க்கும் இதே கோளாறு. அப்படி ஒரு பாகம் வண்டியில் கிடையாது, தகரத்தை மடித்துச் சேர்த்த விதத்தால் தானாக உண்டாகிற ஒரு இடம், அவ்வளவுதான்.

பழைய மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்ளுங்கள் (1985-இல் வந்த ஜீப் வகை வண்டி, இன்னும் காட்டிலும் மலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது). சக்கரத்தைச் சுற்றியுள்ள வளைவின் விளிம்பில் வெளித்தகரமும் உள்தகரமும் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. விளிம்பு உள்பக்கமாகத் திரும்பி ஒரு சின்ன திண்டு மாதிரி நிற்கும். சக்கரம் வாரி அடிக்கிற சேறு அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும், வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழை விட்டு, வண்டி மேலே நன்றாகக் காய்ந்த பிறகும் அந்தச் சேறு உள்ளே ஈரமாகவே இருக்கும். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்பும் சேர்ந்துகொண்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. காற்றுப் படுகிற இடம்தான் அதிகம் துருப்பிடிக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில், ஈரம் இருக்கும்போது ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிற இடுக்குதான் நேர்மின்வாயாகி (இரும்பு கரைகிற பக்கமாகி) அரிபடும், வெளியே காற்றாடும் பகுதி எதிர்மின்வாயாகித் தப்பிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் இரண்டு தகரத்தையும் நெம்பிப் பிரிக்கும், பிரிந்த சந்தில் இன்னும் தண்ணீர் ஏறும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் போய்விட்டிருக்கும். அப்புறம் டிங்கரிங்காரர் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பதுதான் வழி, பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். ஆக, சொல்லே வாசகரின் கையை உள்பக்கம் கொண்டுபோக வேண்டும், சக்கர வளைவைச் சுத்தம் செய்யுங்கள் என்று எழுதினால் வெளியே பளபளவென்று துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால்தான் ‘சேற்றுமடி’ என்கிறேன். மடி என்றால் மடிப்பு, வேட்டியில் காசைச் செருகி வைக்கிற இடமும் மடிதான், வெளியே தெரியாமல் உள்ளே எதையோ வைத்துக்கொண்டிருப்பது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “சேற்றுமடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்”, “நான்கு சேற்றுமடிகளையும் ஊறவைத்துக் கழுவுங்கள்”. எங்கும் இடறவில்லை.

> மடி என்றால் எங்கள் வீட்டில் ஆசாரம். சேற்றுக்கு ஏது மடி?

:-) மடிக்கணினியை யாரும் ஆசாரமாகக் குளித்துவிட்டுத் தொடுவதில்லையே.

ஆனால் அதே இழையில் ஒருவர் சொன்ன ‘மடித்துரு’ வேண்டாம். வேகமாகப் படித்தால் ‘மடித்து உரு’ என்று பிரிகிறது. இந்த வகைத் துருவுக்கு ‘இடுக்குத் துரு’ போதும். பாடநூலில் உள்ள ‘அரிமானம்’ எல்லா உலோகத்துக்கும் பொதுவானது, அதை வேதியியல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் துரு என்றுதான் சொல்வார்கள்.

சக்கரம் சுழலும் அறை முழுவதற்கும் ‘சக்கரக்குழி’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை, குழி கீழே இருக்க வேண்டும், இதுவோ சக்கரத்துக்கு மேலே கவிந்திருக்கிறது. சக்கரக்கூடு என்போம். மட்கார்டு என்ற சொல்லை மாற்ற வேண்டாம், அது எப்போதோ தமிழாகிவிட்டது.

கையேட்டுக்கான வரைவு இது, திருத்துங்கள்:

“சேற்றுமடி: சக்கரக்கூட்டின் உள்விளிம்பில் தகரம் மடிந்து சேறும் ஈரமும் தங்கும் இடம். சேற்றில் ஓட்டிய பின் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் உள்பக்கமிருந்து ஊறவைத்து, பிரஷ்ஷால் தள்ளி எடுக்கவும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை மடிப்பில் நேராக அடிக்க வேண்டாம், சேறு சந்துக்குள் ஏறும், பழைய அண்டர்கோட்டிங்கும் (அடிப்பக்கப் பூச்சும்) பெயரும். பிளாஸ்டிக் வளைவுப் பட்டை பொருத்தியிருந்தால் கழற்றிப் பார்க்கவும். முழுக்கக் காய்ந்த பிறகே மெழுகு வகைத் துருத்தடுப்பை இண்டு இடுக்கில் பீய்ச்சவும். துருவின்மேல் கெட்டியாகத் தார் பூசக் கூடாது.”

கடைசி வரியை நீளம் என்று யாரும் வெட்டிவிடாதீர்கள். தார் வெடித்ததும் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது, தார் இருக்கிற தைரியத்தில் யாரும் தட்டியும் பார்க்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது கதவுக்கு அடியிலும் ஓரத்திலும் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள். அவை அடைபட்டால் மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் நடக்கும். வடிதுளையா, வடிகண்ணா? எனக்கு வடிகண் பிடித்திருக்கிறது, “வடிகண்ணைக் கம்பியால் குத்தி விடவும்” என்று எழுதும்போதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.