பழைய வாடகை முன்பணம் கலிஃபோர்னியா அரசிடம் இருக்கிறதாம்

கேள்வி:
2014இல் ஃப்ரீமாண்டில் வீட்டைக் காலி செய்தோம். முன்பணத்தில் 640 டாலர் வரவேயில்லை. காசோலை பழைய முகவரிக்கே போய்விட்டதாம். இப்போது ஒருவர் கடிதம் அனுப்பியிருக்கிறார்: யாரும் கேட்காததால் பணம் மாநிலத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பத்து சதவீதம் கொடுத்தால் மீட்டுத் தருவாராம். கையெழுத்திடலாமா?

பதில் 1:
வேண்டாம் அக்கா! மாநிலக் கன்ட்ரோலர் (மாநிலத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி) அலுவலக இணையதளத்தில் நீங்களே தேடலாம். தேடவும் கோரவும் கட்டணமே இல்லை. நம் பெயர்கள்தான் தொல்லை. அப்பா பெயரை முன்னால், பின்னால், எழுத்துப் பிழையோடு என்று ஆறு விதமாகத் தேடிய பிறகே என் பழைய வங்கிக் கணக்கு அகப்பட்டது. பழைய முகவரி உள்ள மின்கட்டண ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

பதில் 2:
மாநிலத்திடம் போன பணத்தை எத்தனை ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகராட்சிக் கருவூலங்களில் கிடப்பது அப்படியல்ல. மூன்று ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால், செய்தித்தாளில் அறிவித்துவிட்டுத் தங்களுடையதாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பட்டியல்களைத் தனியாகப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
கணவர் பெயரில், ஓர் எழுத்து குறைவாக, இருக்கிறது! இன்றிரவே விண்ணப்பிக்கிறோம். மிக்க நன்றி.