ஆறு வாரச் சான்றிதழோடு வரும் கோச்சைக் குழுவில் சேர்க்கலாமா?

அல்சூர் மல்லிகா:
எங்கள் பெண்கள் குழு சனிக்கிழமைதோறும் கூடுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் மீண்டுவர உதவும் கோச் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சேர வருகிறார். தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் கேட்கிறார். கையில் ஆறு வார இணைய வகுப்பின் சான்றிதழ், தங்க முத்திரையோடு. நான் வேண்டாம் என்றேன். குழுவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

பழைய மெட்ராஸ் ரோடு:
அக்கா, காகிதத்தைப் பார்த்து ஆளை எடை போடாதீர்கள். என் தங்கைக்கு அப்படி ஒன்று நேர்ந்தபோது துணைக்கு வந்தவர் தெருமுனைத் தையல்கடை அம்மா. காவல் நிலைய பெஞ்சில் நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. அவரிடம் எந்தச் சான்றிதழ் இருந்தது?

அல்சூர் மல்லிகா:
அந்த அம்மா காசு வாங்கினாரா, தம்பி? வாசலில் பலகை மாட்டினாரா?

ஜெயநகர் நான்காம் பிளாக்:
நான் மருத்துவ உளவியலாளர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவு செய்துதான் தொழில் செய்கிறேன். கோச் என்ற பெயருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. நாளைக் காலையில் யாரும் ஆகலாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் தொடக்கநிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அதுவும் மனக்காயத்தை ஆற்றுவதற்கான தகுதி அன்று.

நடந்ததையெல்லாம் எழுதி உரக்கப் படிக்கும்படி ஒரு கோச் சொன்னாராம். அப்படியே செய்த பெண் பிறகு என்னிடம் வந்தார். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தார், கையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. எழுதுவது குற்றமில்லை. பாதுகாப்பு உணர்வு வருமுன் கிளறியதுதான் வினை.

பழைய மெட்ராஸ் ரோடு:
படித்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்று என் தங்கையிடம் கேட்டவர் ஒரு டாக்டர். அவர் தலைக்கு மேலே மூன்று பட்டங்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின.

ஜெயநகர் நான்காம் பிளாக்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மல்லிகா, அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பெண் வாய் திறந்தால் என்ன செய்வார்? சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தும். பேச்சின் நடுவே ஒருவர் உறைந்துபோனால் யாரிடம் அனுப்புவார்? இரவில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

அல்சூர் மல்லிகா:
இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். முதல் கேள்விக்கு, "அதெல்லாம் ரகசியம், வெளியே போகாது" என்றார். இரண்டாவதற்கு, "நல்லதையே நினைக்கச் சொல்வேன்" என்றார்.

பழைய மெட்ராஸ் ரோடு:
இந்த ஆள் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். சான்றிதழைக் கட்டாயமாக்கினால் தையல்கடை அம்மாவைப் போன்றவர்களை விரட்டிவிடுவார்கள் என்ற என் பயம் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு, அக்கா? அந்த அம்மா வருவாரா என்று கேட்டுப் பார்க்கிறேன்.