ஸ்கெட்ச் புக்கில் உங்களை விடாத பக்கம் எது?

கரித்துண்டு:

எழும்பூர் ஸ்டேஷனில் ராத்திரி உட்கார்ந்து ஸ்கெட்ச் போட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தூங்குகிறவர்கள்தான் நமக்கு மாடல். ஓவியக் கல்லூரி முடிந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அன்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்த கூட்டம். ஒரு பாட்டி தரையில் சேலையை விரித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. நல்ல தூக்கத்திலும் கூடையின் காதை விடாமல் பிடித்திருந்த வலது கைதான் என் கண்ணில் பட்டது. ஆட்காட்டி விரல் மட்டும் நுனிக் கணுவில் ஒருபக்கமாக வளைந்திருந்தது. 6பி என்கிற மெதுவான, கருமையான பென்சிலால் அந்தக் கையை மட்டும் பக்கம் முழுக்கப் போட்டேன்.

நகத்துக்கு நிழல் கொடுக்கும்போது விரல் அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாட்டி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ தெரியாது. "காட்டு" என்றார். காட்டினேன். உட்கார்ந்து, மடியில் வைத்து, நிதானமாகப் பார்த்தார்.

"கைய மட்டும் போட்டிருக்க. ஏன்யா, மொகம் போடுற மாதிரி இல்லியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே விரலைத் தூக்கிக் காட்டி, "இது தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்குன வெரலு. எட்டு வயசுல போனது" என்றார். கோவில்பட்டிக்காரராம். அப்புறம் வண்டி வந்துவிட்டது.

அதற்கு முன் இரண்டு வருடம் என்ன வரைவது என்றே தெரியாமல் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் என் கை ஓவியங்கள் பதினொன்றும் வந்தன. பூ கட்டும் கை, பரோட்டா வீசும் கை, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கை. எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். எழுதுங்கள்.

ஊடுபுள்ளி:

என்னுடையதில் நான் வரையாத பக்கம்தான்.

கைத்தறிச் சேலைக்கு டிசைன் போடுவது என் வேலை. கிராஃப் தாளுக்குப் போவதற்கு முன் எல்லாம் ஸ்கெட்ச் புக்கில்தான். அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி, குனியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மார்கழி வாசலில் நான்தான் ஏதோ ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன். தை பிறந்த பிறகு ஒருநாள் அலமாரியில் இருந்த பழைய ஸ்கெட்ச் புக்கை எடுத்தேன். பின்பக்கத்திலிருந்து முன்னே வந்திருக்கிறார் அம்மா. தினம் ஒரு கோலம், மேலே தேதி, ஓரத்தில் 13-7 ஊடு, 15-8 ஊடு என்று புள்ளிக் கணக்கு. வாசலில் போட முடியாததை விடியற்காலையில் கட்டிலில் உட்கார்ந்து என் புத்தகத்தில் போட்டிருக்கிறார். எனக்குச் சத்தமே கேட்டதில்லை.

நடுவில் ஒரு பக்கம் காலி. புள்ளிகூட இல்லை. மேலே தேதி மட்டும் எழுதி, பக்கத்தில் "அமாவாசை" என்று ஒரே ஒரு சொல். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வாசலில் கோலம் போடமாட்டோம், தர்ப்பணம் உண்டு. யாரும் பார்க்காத ஒரு நோட்டிலும் அதை மாற்றவில்லை அம்மா. அந்தக் காலிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்ததாக நான் போட்ட கரையில் மயில்கண்ணும் ருத்ராட்சமும் மாறி மாறி வரும். இருபத்தொன்பது கட்டம் முடிந்ததும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன். நெய்கிற அண்ணன் போன் பண்ணி, "இங்க ஒண்ணு விட்டுப்போச்சே, பாத்தியாம்மா?" என்றார். "விட்டுப்போகலண்ணா, அமாவாசை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்படியே ஏத்திடறேன்" என்றார்.

மீன்வாடை:

கரித்துண்டு, உங்கள் கை ஓவியங்களை நேரில் பார்த்திருக்கிறேன், நல்ல வேலை. ஆனால் தூங்குகிறவரைக் கேட்காமல் வரைந்தது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பாட்டி கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். "மொகம் போடுற மாதிரி இல்லியா" என்றால், என்னை முழுசாகப் பார்த்தாயா என்று அர்த்தம்.

நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரைவேன். விடியற்காலை ஏலம் முடிந்து கூட்டம் கலையும் நேரம். மீன் வெட்டுகிற ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "போட்டுக்கோ, ஆனா முடிச்சதும் எனக்குக் குடுத்துடணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாது. சாதாரணப் பால்பாயிண்ட் பேனாதான். அரிவாள்மனையில் வஞ்சிரத்தை வைத்து அழுத்தும்போது அவருடைய தோள் ஒரு பக்கம் ஏறி இறங்குகிற வளைவு, ஒரே கோட்டில் விழுந்துவிட்டது. அப்படி ஒரு கோடு எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கிழித்துக் கொடுத்தேன். வாங்கி ஐஸ் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிட்டார்.

அடுத்த வாரம் போனால் தாள் ஊறிப்போய், செதில் ஒட்டி, பழுப்பாகத் தொங்குகிறது. கோடு மட்டும் அப்படியே இருந்தது. போட்டோகூட எடுத்து வைக்கவில்லை நான். கொடுத்ததில் வருத்தம் இல்லை. ஆனால் அந்தத் தோளைத்தான் இன்னும் ஒவ்வொரு படத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. போனில் படம் எடுத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரைகிறவர்களைக் குறை சொல்வதை நிறுத்துவோம். வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் முடியும்.

தாளும்மையும்:

மீன்வாடை சொன்ன கோடு அழியாததற்குக் காரணம் உண்டு. பால்பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் கரையாது. என் கதை அதற்கு நேர்மாறு. குற்றாலம் சீசன், ஐந்தருவி, சாதாரண நீல மை ஊற்றிய பேனா. சாரல் அடித்ததில் மூன்று நாள் வேலை இருபது நிமிடத்தில் நீலக் குளமாகிவிட்டது. அந்தக் கறை பாறை மாதிரியே தெரிந்ததால் அதன் மேலேயே அருவியைப் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட நல்ல அருவி அதுதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். வெளியே வரைய நிறமி மை (பிக்மென்ட் இங்க்) வாங்குங்கள். காய்ந்துவிட்டால் மேலே வாட்டர் கலர் அடித்தாலும் பரவாது. இந்தியன் இங்க் என்று பாட்டிலில் வருவதை மட்டும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், உள்ளே காய்ந்து நிப்பை அடைத்துவிடும். அது தொட்டு எழுதும் பேனாவுக்கும் பிரஷ்ஷுக்கும் சரி. பால்பாயிண்ட் தண்ணீரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. சுவரில் மாட்டினால் சில வருடத்தில் வெளுத்துவிடும், மூடிய புத்தகத்துக்குள் இருந்தால் அவ்வளவு சேதமில்லை. பென்சில் கிராஃபைட் வெளுக்கவே வெளுக்காது, அதன் எதிரி உராய்வுதான். 4பி, 6பி போடுகிறவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் போடுங்கள், நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று சொல்வார்கள், பென்சிலுக்கு 120 ஜிஎஸ்எம் தாராளம். தண்ணீர் படும் என்றால் 300 ஜிஎஸ்எம், அதற்குக் குறைந்தால் தாள் அலைஅலையாக எழும்பும். ஸ்பைரல் புத்தகத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று தேயும், நூல் வைத்துத் தைத்தது நல்லது.

அப்புறம், மீன்வாடை, கிழித்துக் கொடுத்தது தவறு. ஸ்கெட்ச் புக் என்பது வரிசை. இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1851இல் இறந்த பிறகு அவருடைய ஸ்கெட்ச் புத்தகங்கள் சுமார் 300 இங்கிலாந்து அரசுக்கு வந்தன. அவற்றை ஒழுங்குபடுத்திய கலை விமர்சகர் ரஸ்கின் சிலவற்றைப் பிரித்து, பக்கங்களைத் தனியாக எடுத்துவிட்டார். எதற்குப் பின் எது வந்தது என்பதை ஆய்வாளர்கள் ஒட்டிப் பார்த்துத் தேட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் போனால் அதன் முன்னும் பின்னும் இருப்பவை அநாதை.

மீன்வாடை:

சொன்ன வாக்குக்கு என்ன செய்வது? அந்த அக்காவிடம் போய் டர்னர் கதையா சொல்ல முடியும்? படம் அவருடைய தோள். அதில் அவருக்குப் பங்கு உண்டு.

பிரம்மசூத்திரம்:

போட்டோ விஷயத்தில் மீன்வாடையோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசை எத்தனை முறை படம் எடுத்திருப்பேன்! அனிமேஷனில் கதாபாத்திரம் வடிவமைப்பவன் நான், ரெஃபரன்ஸ் என்று போனில் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. ஒருநாள் போனை உள்ளே வைத்துவிட்டு, ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை வரைய உட்கார்ந்தேன். தலைக்கு மேல் தூக்கிய கைகள், எண்ணிவிடலாம் போலத் துருத்தும் விலா. அவரை முடித்துவிட்டு யானைப் பக்கம் வந்தால், அங்கே பின்னங்காலில் நிற்கிற பூனையும் அதே மாதிரி கையைத் தூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். பூனை இருப்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மேலே போட்ட அதே கோட்டை என் கை கீழேயும் போட்டபோதுதான் உடம்பு சிலிர்த்தது. இது போட்டோவில் நடக்காது.

சொல்ல வந்தது அதுவல்ல. பின்னால் ஒரு பெரியவர் ரொம்ப நேரமாக நின்றிருந்தார். அந்த ஊரில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர், முழங்கை வரை கல்தூசு. "தம்பி, பென்சில குடுங்க" என்றார். என் தவசியின் உச்சந்தலையிலிருந்து ஊன்றிய கால் வரை நேராக ஒரு கோடு போட்டார். "இது பிரம்ம சூத்திரம். இத மொதல்ல போடுங்க. ஒடம்பு இதுலேர்ந்து எங்க விலகுது, எங்க திரும்பி வருதுன்னு பாருங்க. அப்பத்தான் நிக்கும்." என் தவசி உண்மையிலேயே சாய்ந்துகொண்டுதான் இருந்தார். முகம் ஒரு அளவு, அது ஒரு தாலம், பன்னிரண்டு அங்குலம், உத்தம தசதாலம், அதாவது பத்துத் தாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அளவு என்றால் மொத்தம் 124 அங்குலம் என்று விரலாலேயே அளந்து காட்டினார் (இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, உருவத்தின் அளவுக்கேற்ப மாறும் சிற்பக் கணக்கு). பட்டறையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பெயர் கேட்கவில்லை. மறுபடி இரண்டு முறை தேடிப் போனேன், பார்க்க முடியவில்லை. இன்று என் எந்தக் கதாபாத்திரமும், குதிப்பதாக இருந்தாலும் விழுவதாக இருந்தாலும், அந்த நேர்க்கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தில் என் பென்சில் மங்கியிருக்கிறது. அவர் அழுத்திப் போட்ட கோடு தாளின் பின்பக்கம் தடவினால் இன்றும் விரலுக்குத் தெரியும்.

ஊடுபுள்ளி:

தாளும்மையும், உங்கள் குறிப்புகளை எழுதி வைத்துக்கொண்டேன். அம்மா போட்டது எல்லாம் பால்பாயிண்ட். இனி மூடியே வைக்கிறேன்.

கரித்துண்டு அண்ணா, ஒன்று கேட்கலாமா? வண்டி வந்துவிட்டது என்று முடித்துவிட்டீர்கள். அவ்வளவுதானா? முகத்தைப் போடவே இல்லையா?

கரித்துண்டு:

மீன்வாடை சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு விழித்திருப்பவரிடம் கேட்டுத்தான் வரைகிறேன். தூங்குகிறவர்களை விட்டுவிட்டேன். படம் குறைந்தது, பேச்சு கூடியது.

ஊடுபுள்ளி, நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்ற பிறகும் பாட்டி எழுந்திருக்கவில்லை. கூடையை மடியில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, "ம், போடு" என்று விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கூட வந்த பையன் பெட்டிக்குள் ஏறி இடம் பிடித்துவிட்டு, "ஆச்சி, வா, வா" என்று கத்துகிறான். அவர் அசையவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. அடுத்த பக்கத்தைத் திருப்பி மூக்குத்தியிலிருந்து ஆரம்பித்தேன், அதில்தான் வெளிச்சம் இருந்தது. பையன் இறங்கி வந்து கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கண்காட்சியில் கை இருக்கும் பக்கத்தை மட்டுமே வைத்தேன். அடுத்த பக்கத்தை யாருக்கும் காட்டியதில்லை. எட்டுக்கல் மூக்குத்தி ஒன்று, அதற்கு மேலே பாதிப் புருவம்.